எச்சில் ஊசி

ஒருத்தி கடித்த பழத்தின் மறுபாதியை உங்களிடம் நீட்டினால் என்ன செய்வீர்கள்? சீ என்று தட்டிவிடுவீர்கள். அதையே ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து, மூடி போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தி எடுத்து நீட்டினால் கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். நாலு வருஷம் பக்கத்தில் நின்று இதைப் பார்த்தவள் நான். பார்த்தவள் மட்டும் என்றால் பரவாயில்லை, குழாயை எடுத்துக் கொடுத்தவளும் நான்தான்.

நான் நர்ஸ். பதினாறு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்து, நோயாளிகளைத் தூக்கிப் புரட்டி, முதுகு போனது. உட்கார்ந்து பார்க்கிற மாதிரி வேலை தேடியபோது கிடைத்தது இந்த முக அழகு கிளினிக். மாடியில் மூன்று அறை, பளிங்குத் தரை, எந்நேரமும் ஒரு பூ வாசனை ஸ்ப்ரே. அந்த வாசனைக்கே எனக்குக் குமட்டும். இங்கே யாருக்கும் நோய் கிடையாது. வயது மட்டும்தான் நோய். அதற்கு இரண்டு விதமான ஊசி. ஒன்று, நெற்றிச் சதையை அசையவிடாமல் செய்து சுருக்கத்தை மறைப்பது. இன்னொன்று ஃபில்லர். கன்னம் ஒட்டிய இடம், மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை விழுகிற கோடு, இந்த மாதிரிப் பள்ளங்களை உள்ளேயிருந்து நிரப்புகிற கூழ்.

டாக்டருக்கு நான் மனதுக்குள் வைத்திருந்த பெயர் மெழுகம்மா. தன் முகத்திலேயே அவ்வளவு ஊசி போட்டுக்கொண்டவள். சிரித்தால் உதடு மட்டும் நகரும், மேலே ஒன்றும் நகராது. கோபப்பட்டாலும் அப்படித்தான். அவள் திட்டுகிறாளா வாழ்த்துகிறாளா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த இடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஃபில்லர் குழாய் ஒன்றில் ஒரு மில்லி இருக்கும். வருகிறவளுக்கு சில சமயம் முக்கால்தான் ஆகும், சில சமயம் பாதி. மிச்சத்தை நியாயமாகக் குப்பையில் போட வேண்டும். டப்பாவிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். மெழுகம்மா போடமாட்டாள். மூடியைத் திருகி, அந்தம்மாவின் நம்பரை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைக்கச் சொல்வாள். இரண்டு வாரம் கழித்து அந்தம்மாவே வந்து மிச்சத்தைப் போட்டுக்கொண்டு போவதாக ஏற்பாடு. பலர் வரமாட்டார்கள். வராதவர்களின் மிச்சம் எங்களுக்கு. அதாவது வேலை செய்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டு மனிதர்களுக்கும். சனிக்கிழமை மத்தியானம் கடைசி ஆள் போனபின், நான் ஸ்டிக்கரை உரிக்க வேண்டும், நுனி ஊசியை மாற்ற வேண்டும், மெழுகம்மா ஓசியில் போட்டுவிடுவாள். பதிலுக்கு முன்னும் பின்னும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வாள். அவளுடைய விளம்பரத்தில் பல்லிளிக்கிற முகங்களில் பாதி, தரை துடைத்தவர்களின் முகம்.

ஊசி நுனிதான் புதுசு. குழாய் பழசு. ஒருத்தியின் சதைக்குள் போய் வந்த ஊசி பொருத்தப்பட்டிருந்த குழாய். கூழை ஏற்றும்முன் ஊசி ரத்தக்குழாயில் பட்டிருக்கிறதா என்று லேசாகப் பின்னால் இழுத்துப் பார்ப்பார்கள். அதில் ஒரு சொட்டு உள்ளே வந்திருந்தால்? கண்ணுக்குத் தெரியாத அளவு வந்திருந்தால்? நர்ஸ் படிப்பில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்த விஷயம் இது. எனக்குத் தெரியும். தெரிந்தே ஸ்டிக்கரை உரித்தேன். உரித்ததைக் குப்பையில் போட மனசு வராமல் மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் வரிசையாக ஒட்டி வைத்தேன். என்றைக்காவது யாராவது கேட்பார்கள் என்று ஒரு பயம்தான்.

எனக்கு வேண்டுமா என்று மெழுகம்மா பலமுறை கேட்டாள். “சிஸ்டர், உங்க கண்ணுக்குக் கீழ கொஞ்சம் போட்டா பத்து வயசு குறையும்.” குறைந்து நான் என்ன செய்யப்போகிறேன், மறுபடி பள்ளிக்கூடமா போகப்போகிறேன்? வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன்.

வேண்டும் என்றவள் பாப்பா.

பாப்பா என் நாத்தனார். வீட்டுக்குக் கடைக்குட்டி என்று அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், நாற்பத்தாறு வயதிலும் அவள் பாப்பாதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு ஓட்டலில் வரவேற்பு மேஜையில் பத்தொன்பது வருஷ வேலை. வருகிறவர்களுக்குச் சாவி கொடுத்து, சிரித்து, பெயர் ஞாபகம் வைத்து விசாரிப்பது. புது மேனேஜர் ஒருத்தன் வந்தான். வந்த மாதமே இவளைப் பின்னால் ஜன்னலில்லாத டெலிபோன் அறைக்கு மாற்றினான். “உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கு மேடம், அது ஃபோன்லதான் எடுபடும்” என்றானாம். அவளுடைய நாற்காலியில் இருபத்து மூன்று வயசுப் பெண் ஒருத்தி.

அன்றைக்குச் சமையலறையில் நின்று பாப்பா அழுத அழுகை இருக்கிறதே, என்னால் தாங்க முடியவில்லை. எங்களுக்குள் ஆயிரம் சண்டை. நான் தேய்த்த பாத்திரத்தை மறுபடி தேய்ப்பாள், நான் மடித்த துணியைப் பிரித்து மடிப்பாள். ஆனால் அவள் அழுதால் எனக்குக் கை ஓடாது, கால் ஓடாது.

“அண்ணி, உங்க கிளினிக்ல சொல்லி எனக்கும் போட்டு விடுங்க. இந்த மூக்கோரக் கோடு மட்டும் போனா போதும்.”

“அசிங்கம் பிடிச்ச வேலைடி அது. முகத்துக்குள்ள கூழை ஏத்திக்கிட்டு, நாளைக்குச் சிரிக்க முடியலன்னு வந்து நிப்பே.”

“நீங்க செய்யலன்னா நான் பார்லர்லயே போட்டுக்கறேன். எங்க ஓட்டல்ல ஒருத்தி போட்டுக்கிட்டா. தலைமுடி வெட்டற நாற்காலியிலயே உக்கார வச்சுப் போடறாங்களாம்.”

அதற்கு இது மேல் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மெழுகம்மாவிடம் கேட்டேன். “கூட்டிட்டு வாங்க சிஸ்டர், கீழ்த்தட்டுல நல்ல குழாய் ஒண்ணு இருக்கே” என்றாள். மிச்சம் என்று பாப்பாவிடம் நான் சொல்லவில்லை. என் மூலம் சலுகை என்று மட்டும் சொன்னேன். சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டாள். அவள் தம்ளரில் யாராவது வாய் வைத்தாலே கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கிறவள்.

சனிக்கிழமை. ஸ்டிக்கரை உரித்து அலமாரிக் கதவில் ஒட்டினேன். பாப்பாவை நாற்காலியில் சாய்த்துப் படுக்கவைத்தோம். போட்டோ எடுத்தாயிற்று. வலது பக்கம் முதலில். சரியாகவே போனது, கோடு மறைந்தது. பாப்பா கைக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, “ஐயோ அண்ணி, நம்பவே முடியல” என்று குழந்தைபோலச் சிரித்தாள். பிறகு இடது பக்கம். மூக்குக்குப் பக்கத்தில் ஊசி இறங்கியதும், “சுள்ளுன்னுது” என்றாள். “அது அப்படித்தான்மா” என்று மெழுகம்மா அழுத்தினாள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூக்கு மடலிலிருந்து மேலுதடு வரை தோல் வெளுத்தது. சுண்ணாம்பு பூசியதுபோல. அப்புறம் அந்த வெள்ளைக்குள் நீலமாகத் திட்டுத் திட்டாக வலைப்பின்னல்.

“மேடம், நிறுத்துங்க.”

“ரத்தம் கன்றியிருக்கு, அவ்வளவுதான். ஐஸ் வைங்க.”

நான் ஐஸ் எடுக்கவில்லை. கட்டை விரலால் அந்த இடத்தை அழுத்தி எடுத்தேன். நல்ல தோல் என்றால் அழுத்திய இடத்தில் இரண்டு எண்ணுவதற்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒன்பது வரை எண்ணினேன். வெள்ளை அப்படியே இருந்தது. கூழ் ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துவிட்டது. உடனே கரைக்காவிட்டால் அந்தச் சதை செத்துவிடும். மூக்கின் ஓரம் கறுத்து உதிர்ந்த படங்களை நான் பார்த்திருக்கிறேன். அடைப்பு மேலே ஏறினால் கண்ணே போகும்.

“பாப்பா, எத்தனை விரல்?”

“ரெண்டு. ஏன் அண்ணி? என்ன ஆச்சு?”

கரைக்கிற மருந்து அங்கேயே இருந்தது. சிவப்பு முத்திரை போட்ட அவசரப் பெட்டியில் ஐந்து குப்பி. அதைத் திறக்க வேண்டுமென்றால் முத்திரையை அறுக்க வேண்டும், யாருக்காக, எதற்காக, எந்தக் குழாயால் வந்த வினை என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அதிகாரிகள் வந்தால் முதலில் புரட்டுவது அந்த ரிஜிஸ்டரைத்தான். பாப்பாவுக்கு ஃபைல் கிடையாது, நம்பர் கிடையாது, கையெழுத்து கிடையாது.

மெழுகம்மா என்னை வாசல் பக்கம் இழுத்தாள். “சிஸ்டர், பெட்டியைத் தொடாதீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. காலைல சரியாகலன்னா பாக்கலாம்.”

“காலைலயா? காலைல மூக்கு இருக்காது மேடம்!”

“கத்தாதீங்க. இந்தம்மா இங்க வரவே இல்ல. புரியுதா?”

அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பயமா, கோபமா, ஈவிரக்கமா, எதுவுமே இல்லை. ஒரு மனுஷியின் மூக்கு அழுகப்போகிறது, இவளுக்குப் புருவம்கூட ஏறாது. “தூ” என்றேன். நாலு வருஷமாகத் தொண்டையில் இருந்த தூ. பளிங்குத் தரையில் நிஜமாகவே துப்பிவிட்டேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

கத்தரிக்கோலால் முத்திரையை அறுத்தேன். தூளை உப்புத் தண்ணீரில் கலக்கி இழுத்தேன். இந்த மருந்தை நானாகப் போட எனக்கு உரிமை இல்லை. டாக்டர் சொல்லித்தான் போட வேண்டும். டாக்டர்தான் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் இறங்கிக்கொண்டிருந்தாளே. வெளுத்த இடம் முழுக்க, அதைச் சுற்றியும் குத்தினேன். பாப்பா என் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். வெந்நீரில் நனைத்த துண்டை வைத்தேன். அழுத்தித் தேய்த்தேன். எண்ணினேன். ஒன்பது, ஒன்பது. மறுபடி ஒரு குப்பி. ஏழு. மறுபடி. ஐந்து. ரிஜிஸ்டரில் பாப்பாவின் முழுப்பெயரை நானே எழுதினேன். அலமாரிக் கதவை ஃபோனில் படம் எடுத்தேன். மிச்சமிருந்த குப்பியையும் அந்தப் பழைய குழாயையும் பையில் போட்டுக்கொண்டு, அவளை ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். மேலும் மருந்து வரவழைத்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் எண்ணிக்கை மூன்றுக்கு வந்தது. “நல்ல நேரத்துல கரைச்சிருக்கீங்க. மூக்கு தப்பிச்சுது, சின்னத் தழும்பு மட்டும் இருக்கும்” என்றார். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டேன். பிறகு அவர் கேட்டார். “எந்த ஃபில்லர்? குழாய் இருக்கா?”

எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது புதுசு மாதிரி இல்லையே. முன்னாடி வேற யாருக்காவது போட்டதா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பாப்பா கட்டு போட்ட முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா டாக்டர். வேற ஒருத்தருக்குப் போட்ட மிச்சம். மூணு வாரம் ஃப்ரிட்ஜ்ல இருந்தது.”

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான். அந்த இன்னொருத்தரின் ரத்தத்திலிருந்து நோய் ஏதாவது தொற்றியிருக்கிறதா என்று பார்க்க இன்றைக்கே ரத்தம் எடுக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும், அதுவரை இவள் ரத்தம் இன்னொருத்தர் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

பாப்பா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். “எச்சிலையா அண்ணி எனக்குப் போட்டீங்க?”

அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. தட்டை, தம்ளரைத் தனியாக வைத்துக்கொண்டாள். என் கணவர் இரண்டு பக்கமும் பேச முடியாமல் பேப்பருக்குள் முகத்தை மூடிக்கொண்டார். நான் வேலைக்குப் போகவில்லை. சுகாதார அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். அதில் என் பங்கையும் எழுதினேன். ஸ்டிக்கர் உரித்தது நான், எடுத்துக் கொடுத்தது நான், கூட்டிக்கொண்டு போனது நான். அலமாரிக் கதவின் படத்தையும் சேர்த்தேன். இருபத்து மூன்று ஸ்டிக்கர். இருபத்து மூன்று பேருடைய சதையிலிருந்து இன்னும் எத்தனை பேருடைய சதைக்குள் போனதோ. என் வேலை போனாலும் போகட்டும், அந்த ஃப்ரிட்ஜைப் பூட்டினால் போதும் என்றிருந்தது.

ஆறாவது வாரம் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். அதிகாரி மேஜைக்கு அந்தப்பக்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

“படிச்சுப் பாருங்கம்மா.”

தட்டச்சு செய்த தாள். கிளினிக்கில் தனக்கு எந்த ஊசியும் போடப்படவில்லை, தன் அண்ணி கிளினிக்கிலிருந்து மருந்தைத் திருடி வந்து வீட்டில் வைத்துத் தானே போட்டாள், அதனால்தான் முகம் கெட்டது, டாக்டரம்மா பிறகு இரக்கப்பட்டுச் சரிசெய்து கொடுத்தார் என்று இருந்தது. கீழே பாப்பாவின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து இரண்டு புள்ளி வைப்பாள், அதுவும் இருந்தது.

“ரிஜிஸ்டர்லயே நான் எழுதியிருக்கேனே சார்.”

“அந்தப் பக்கம் இல்லையேம்மா” என்றார். “அலமாரிக் கதவையும் புதுசா மாத்தியிருக்காங்க. ஒரு ஃபோட்டோவை வச்சு என்ன பண்ண முடியும்? ஆஸ்பத்திரியில நீங்க குடுத்த குழாயும் நீங்க திருடினதுன்னுதான் ஆகுது. நீங்க முத்திரையை உடைச்சதுக்கு மட்டும் சாட்சி இருக்கு.”

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன். பாப்பா கூடத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கைக்கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கட்டு இல்லை, மூடி மறைக்கிற துணியும் இல்லை. இரண்டு மூக்கோரக் கோடும் மாயமாகியிருந்தன. தழும்பின் மேல் பவுடர். ஓட்டல் வரவேற்பு மேஜையின் நீலச் சேலை கட்டியிருந்தாள்.

“முன் மேஜைக்கு மாத்திட்டாங்க அண்ணி” என்றாள். ஆறு வாரத்தில் முதல் பேச்சு.

“உன் கையெழுத்தைப் பாத்துட்டு வரேன்.”

கண்ணாடியை மடியில் கவிழ்த்தாள். தலை குனிவாள் என்று நினைத்தேன். குனியவில்லை.

“நீங்க எனக்கு எச்சிலைப் போட்டீங்க. சொல்லாமப் போட்டீங்க. டாக்டரம்மா என் கண்ணு முன்னாடி புதுசு உடைச்சாங்க.”

“அந்த எச்சிலையும் அவதான்டி போட்டா! உன் மூக்கு அழுகிடும்னு தெரிஞ்சும் படியிறங்கி ஓடினவடி அவ. அவ கையால மறுபடி குத்திக்கிட்டு வந்தியே, உனக்கு அருவருப்பா இல்லையா?”

“ஜன்னலில்லாத ரூம்ல உக்காந்து பாருங்க. அப்பத் தெரியும் எது அருவருப்புன்னு.”

அறையலாம் என்று கை போனது. போன கை அவள் இடது மூக்கோரத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்தது. அவளும் விலகவில்லை, முகத்தைத் தூக்கிக் காட்டினாள். ஒன்று, இரண்டு. சிவப்பு திரும்பிவிட்டது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த அப்பாடாவுக்காகவே என்மேல் எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல வந்தது.

குழாயடிக்குப் போய்ச் சோப்பைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. நீர் சொட்டுகிற கையோடு திரும்பி வந்தேன்.

“புதுக் குழாய் முழுசும் போட்டாளா?”

“எங்க? பாதிதான் ஆச்சு” என்றாள் பாப்பா, கண்ணாடியை மறுபடி எடுத்தபடி. “இப்ப எனக்கு ஃபைல் எல்லாம் இருக்கு அண்ணி. மிச்சத்துல என் நம்பரை எழுதி, ஸ்டிக்கர் ஒட்டி, கீழ்த்தட்டுல பத்திரமா வச்சிருக்காங்க. நான் எதுக்கு மறுபடி போகணும், எனக்கு இதுவே போதும்னு சொல்லிட்டேன்.”

அவளுடைய இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.